வரி கட்டாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன சலுகை?

கல்பாக்கத்தில் அணுசக்தித் துறை ஊழியர் குடியிருப்பும் சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பமும் ஒரே கடற்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குடியிருப்பில் இருப்பவர்கள் மத்திய அரசு ஊழியர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குக் கல்விப்படி உண்டு. 2,250 ரூபாயாக இருந்த அந்தப் படி, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 2024 ஜனவரி முதல் மாதம் 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. இரண்டு பிள்ளைகள் வரை கிடைக்கும். குப்பத்தில் வலை இழுப்பவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பேரில் மாதாமாதம் இப்படி எந்தத் தொகையும் வருவதில்லை.

குழந்தை வளர்ப்புச் செலவில் அரசு பங்கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வருமான வரிச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் திருமணமானவருக்கு 3,000 ரூபாய் வரை வரி இல்லை. ஒரு குழந்தை இருந்தால் 3,300, இரண்டு இருந்தால் 3,600. பிறகு அந்த ஏற்பாடு மறைந்தது. பள்ளிக் கட்டணத்துக்கான கழிவு 80சி பிரிவுக்குள் வந்து சேர்ந்தது. ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, வீட்டுக்கடன் அசல் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்ற ஒரே கூரையின் கீழ் அதுவும் அடங்கும். ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே கோரலாம். நிறுவனம் தரும் கல்விப்படியில் பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய்க்கு வரி இல்லை என்ற விதியும் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. நூறு ரூபாயில் இன்று எந்தப் பிள்ளையின் எந்தச் செலவு அடங்கும்?

இந்தக் கழிவுகள் பழைய முறையில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான். 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பு முறை. அதில் வீதம் குறைவு, 2025-26 முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் குழந்தைக்கு இடமில்லை. பிள்ளை இல்லாத தம்பதிக்கும் மூன்று பிள்ளை பெற்றவருக்கும் ஒரே கணக்கு.

பழைய முறையிலும் ஒரு குறை இருக்கிறது. பள்ளிக் கட்டணம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அதனால் 15,000 ரூபாய் மிச்சம். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 10,000. மாமல்லபுரம் ஐந்து ரதம் சாலையோரப் பட்டறையில் துண்டுக்கூலிக்குக் கல் கொத்துகிற சிற்பிக்கு ஒன்றுமில்லை. அவர் வருமானம் வரி வரம்பையே எட்டுவதில்லை. குறைப்பதற்கு வரி இருந்தால்தானே? வசதி கூடக்கூட உதவியும் கூடுகிற ஏற்பாட்டைக் குடும்ப நலத் திட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வேறு சில நாடுகள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. குழந்தைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்து, கட்ட வேண்டிய வரியில் நேரடியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால் மீதியை அரசே வங்கிக் கணக்கில் போடும். அமெரிக்கா 2021-இல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர் என்று உயர்த்தி, வருமானமே இல்லாதவருக்கும் தந்தது. பாதித் தொகை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. நாடாளுமன்றம் நீட்டிக்கவில்லை, அடுத்த ஆண்டே 12.4 சதவீதத்துக்கு ஏறியது. பிறகு மினசோட்டா மாநிலம் 2023-இல் பிள்ளைக்கு 1,750 டாலர் வரை தரும் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

நம்மவர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கனடா. ஸ்கார்பரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வருமானம் இல்லாத ஆண்டிலும் தவறாமல் வரிக்கணக்கு தாக்கல் செய்வதற்குக் குழந்தைகளுக்கான மாதத் தொகையும் ஒரு காரணம். 2025 ஜூலையிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர் வரை. குடும்ப வருமானம் ஏற ஏறத் தொகை இறங்கும். ஒன்டாரியோ மாகாணம் தன் பங்கையும் அதோடு சேர்த்தே அனுப்புகிறது.

தமிழ்நாடு அப்படிச் செய்ய முடியுமா? வருமான வரி வழியாக முடியாது. விவசாயம் அல்லாத வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டப்படி ஒன்றிய அரசிடம் இருக்கிறது. மாநிலத்தில் வசூலாகும் தொழில் வரிக்கோ ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. அதில் சலுகை தந்து எந்தக் குழந்தைக்கும் பால் வாங்க முடியாது. ஆனால் வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் அல்ல. குப்பத்துத் தாய் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதில் பாதி மாநிலத்துக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் இருந்த 12 சதவீதம் நீங்கியது, பால் புட்டிக்கும் குழந்தை நாப்கினுக்கும் 5 ஆனது. ஏழை வீட்டுப் பிள்ளையையும் எட்டிய வரிக்குறைப்பு என்று இதைச் சொல்லலாம். மற்றபடி அந்த வீடுகளிலிருந்து வாங்கிய வரியைத் திருப்பித் தர மாநிலத்துக்கு இருக்கும் வழி, பணமாகவும் சோறாகவும் தருவதுதான்.

அதில் தமிழ்நாடு நெடுந்தூரம் வந்திருக்கிறது. கருவுற்றதை அரசின் பிக்மி தளத்தில் பதிவு செய்து எண் பெற்ற ஏழைத் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய்: 14,000 பணம், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2006-இல் 6,000 ஆக இருந்தது, 2011-இல் 12,000 ஆகி, 2018-இல் இந்த அளவுக்கு வந்தது. தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். வயது நிபந்தனை இளவயதுத் திருமணத்தைத் தடுக்க வந்தது. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தில் 18 வயதில் தாயாகிவிட்ட ஓர் இருளர் பெண்ணின் கைக்குழந்தை அதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்?

குழந்தையின் ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு அந்தப் பணம் முடிகிறது. பிறகு சத்துமாவு, அங்கன்வாடி. ஒன்றாம் வகுப்பு முதல் 2022-இல் தொடங்கிய காலை உணவும் 1982-இல் விரிவடைந்த மதிய உணவும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் குடும்பத் தலைவிக்கு வருகிறது. வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அது கேட்பதில்லை. பிள்ளையின் பேரிலேயே மாதம் 2,000 ரூபாய் தருவது 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள். பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கானது அது.

இவற்றை வயது வாரியாக அடுக்கினால் இடைவெளி தெரியும். அன்புக் கரங்களை விட்டால், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைக்கென்று பணமாக எதுவும் இல்லை. சின்னப் பிள்ளையை யாரிடம் விட்டு மீன் விற்கப் போவது என்று தாய் தவிக்கும் வயதும் இதுவே. வேலைக்குப் போகாமல் இருந்தால் கடன், போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

1992-இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 வைப்புத்தொகை. 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். மூன்று வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆண் வாரிசு இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்த சான்று வேண்டும். பெண் சிசுக்கொலையும் பெருகும் மக்கள்தொகையும் கவலையாக இருந்த காலத்து விதி. 2020-இல் தமிழகத்தின் கருவுறுதல் வீதம் 1.4. பிள்ளைகள் குறைகிறார்கள், நாடாளுமன்றத் தொகுதிகள் போய்விடும் என்று கவலைப்படும் மாநிலம், பெண் பிள்ளைக்கு உதவ இன்னும் அறுவைச் சான்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஐந்து வயது வரை பிள்ளை ஒன்றுக்கு மாதத் தொகை, எத்தனையாவது பிள்ளை, தாய்க்கு என்ன வயது என்று கேட்காமல். மாநிலம் அடுத்து எடுக்க வேண்டிய அடி இது. செலவு கூடும், வருமானம் ஏற ஏறக் குறையும்படி வைத்தால் தாங்கக்கூடிய செலவுதான். பிள்ளைகளை அடையாளம் காணப் புதிதாகக் கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். எந்த வீட்டில் எத்தனை சின்னப் பிள்ளைகள், எந்தப் பிள்ளைக்கு எடை குறைவு என்பதை மாமல்லபுரம் அருகே கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் அங்கன்வாடி ஊழியர்கள் மாதந்தோறும் பதிந்து வைத்திருக்கிறார்கள்.