கேட்காமல் பணம் அனுப்பும் இயந்திரம்: சீட்டில் என்ன எழுத வேண்டும்?



அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மளிகைக் கடை நடத்தும் நாம், கடைப் பையனை மண்டிக்கு அனுப்பும்போது பணத்துடன் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்புவது வழக்கம். எந்த மண்டி, என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவசரத்தில் பூஜ்யம் ஒன்று கூடிவிட்டாலும், "அண்ணாச்சி, பத்து மூட்டையா, நூறு மூட்டையா?" என்று மண்டிக்காரர் போன் போட்டுக் கேட்டுவிடுவார். இப்போது அந்தப் பையனின் இடத்துக்கு செயற்கை நுண்ணறிவு 'ஏஜென்ட்' வந்துகொண்டிருக்கிறது. கேட்கச் சொல்லி நாம் எழுதி வைக்காவிட்டால் அது கேட்காது.

இது எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. 2025 அக்டோபரில் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், ரேசர்பே, ஓப்பன்ஏஐ ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு சோதனை முயற்சியை அறிவித்தன. சாட்ஜிபிடியுடன் பேசியபடியே பொருள் வாங்கி, யூ.பி.ஐ.யில் பணமும் செலுத்தலாம் என்பதே அது. முதலில் சேர்ந்த நிறுவனங்களில் ஒன்று பிக்பாஸ்கெட், அதாவது நம் மளிகைத் தொழில்.

வெளிநாடுகளில் இதே வேலையை பிளாக்செயின் டோக்கன் மூலமும் செய்கிறார்கள். பிளாக்செயின் என்பது பல கம்ப்யூட்டர்களில் ஒரே சமயத்தில் எழுதப்படும் பேரேடு. எழுதியதை அடித்துத் திருத்த முடியாது. டோக்கன் என்பது அந்தப் பேரேட்டில் ஒருவர் பெயரில் நிற்கும் வரவு. அந்த வரவை இன்னொருவருக்கு மாற்றும் கருவியை ஏஜென்டிடம் கொடுக்கும்போது, கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் தருகிறார்கள். ஏஜென்ட் அதைப் படித்துத்தான் கருவியை இயக்குகிறது. ஆகவே அந்தக் குறிப்புதான் நம் துண்டுச் சீட்டு. அதில் ஐந்து விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்.

முதலாவது, யாருக்கு. எத்தீரியம் வலையில் முகவரி என்பது ஊர் பேர் அல்ல. முன்னொட்டு நீங்கலாக எண்ணும் எழுத்துமாக 40 குறிகள். ஒரு குறி மாறினாலும் அது வேறு முகவரி.

இரண்டாவது, எந்த அளவில். யூ.எஸ்.டி.சி. என்னும் டாலர் டோக்கனில் ஒரு டாலர் என்பது 10 லட்சம் சிறு அலகுகள். தொகையை டாலரில் எழுதுவதா, சிறு அலகில் எழுதுவதா என்று குறிப்பில் இல்லையென்றால் ரூபாய்க்கும் பைசாவுக்கும் உள்ளதைவிடப் பெரிய குழப்பம் நேரும். மனிதர்களே இதில் தவறியிருக்கிறார்கள். 2021 மே மாதம் கிரிப்டோ டாட் காம் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கு 100 டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. தொகைக் கட்டத்தில் கணக்கு எண்ணை எழுதிவிட்டதால் 1 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. டிசம்பரில்தான் அது தெரியவந்தது. பிறகு கோர்ட்டுக்கு அலைய வேண்டியதாயிற்று.

மூன்றாவது, எந்த வலை. ஒரே டோக்கன் பல வலைகளில் உண்டு. அனுப்புவதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் அந்தந்த வலையின் சொந்த நாணயத்தில் கட்ட வேண்டும்.

நான்காவது, உச்சவரம்பு. எவ்வளவு வரை தானே அனுப்பலாம், எதற்கு மேல் முதலாளியைக் கேட்க வேண்டும் என்பது. யூ.பி.ஐ. சர்க்கிள் 2024இல் வந்தபோது, முழு அனுமதி பெற்றவருக்கே ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். நம்பிக்கையான மனிதருக்கே வரம்பு உண்டென்றால் இயந்திரத்துக்கு வேண்டாமா?

ஐந்தாவது, பதில் வராவிட்டால் என்ன செய்வது. யூ.பி.ஐ. 'பெண்டிங்' என்று நிற்க, வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் பணம் அனுப்பிவிடுவதை நாம் கல்லாவில் பார்க்கிறோம். பேரேட்டைச் சரிபார்க்காமல் மறுபடி அனுப்பாதே என்று எழுதாவிட்டால் ஏஜென்டும் அதையே செய்யக்கூடும். அப்படிப் போன டோக்கனை, வாங்கியவர் மனமிரங்கித் தந்தால்தான் உண்டு.

நம் நாட்டில் டோக்கன் சட்டபூர்வ நாணயம் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த டோக்கன்களில் வரும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு. 2022 ஜூலை முதல் கைமாறும் தொகையில் 1 சதவீதப் பிடித்தமும் உண்டு. கிரிப்டோவும் ஒரு சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது நமக்கு ஆறுதல்தான். ஆனால் கைதவறிப் போன சொத்தைத் தேடித் திரிய எந்த வியாபாரிக்கு நேரமிருக்கிறது? ஆடிட்டரைக் கேட்காமல் கல்லாவில் டோக்கன் வாங்க வேண்டாம்.

காசோலையில் தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுகிறோம். இரண்டும் மாறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், பிரிவு 18. பணம் கைமாறும் இடத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள். நாளை ஒருவர் கடைக்கு வந்து, "எல்லாக் கொள்முதலையும் இதுவே பார்த்துக்கொள்ளும்" என்று ஏஜென்டை விற்க முயன்றால், விலையைக் கேட்கும் முன் விளக்கக் குறிப்பைக் கேளுங்கள். மேலே சொன்ன ஐந்தும் அதில் இல்லையென்றால், சீட்டில்லாமல் பையனை மண்டிக்கு அனுப்பிய கதைதான்.