வட்டியில்லாத் தவணையில் வட்டி எங்கே?

தீபாவளி நெருங்கினால் வீடுகளில் டி.வி., பீரோ, சோபா என்று பேச்சு எழும். "முன்பணம் இல்லை, வட்டி இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து நாமும் வாங்குகிறோம். நம் கடையில் பற்று வைத்திருக்கும் வாடிக்கையாளரும் வாங்குகிறார். கடனுக்குக் கொடுத்துப் பழகிய நாம் இதன் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

ஒரு டி.வி.யின் விலை ரூ.24,000, மாதம் ரூ.2,000 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்துக்கு ரூ.2,000 தள்ளுபடி உண்டு; தவணைக்குக் கிடையாது. பரிசீலனைக் கட்டணம் ரூ.500 முதலிலேயே கட்ட வேண்டும். ஆக, ரூ.22,000 பெறும் பொருளுக்கு ரூ.24,500 தருகிறோம். அசல் மாதாமாதம் குறைவதால், கூடுதலான ரூ.2,500 ஆண்டுக்கு ஏறத்தாழ 21 சதவீத வட்டியாகும்.

கடன் அட்டையில் வழங்கப்படும் பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியானது கட்டணமாக மறைக்கப்படுவதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

எனவே முதலில் ரொக்க விலையைக் கேட்போம். பிறகு தவணை, கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். இரண்டும் சமமானால் தவணை நமக்கு லாபமே, தாராளமாக வாங்கலாம்.

தவணை தவறினால் அபராதம் உண்டு. நம் பற்றுக்கு அபராதம் இல்லை. அதனால் கை இறுகும் மாதத்தில் முதலில் நிற்பது மளிகைப் பாக்கிதான். இந்தக் கணக்கை வாடிக்கையாளருக்கும் எடுத்துச் சொல்வோம். அவர் பணமும் மிஞ்சும். நம் முதலும் முடங்காது.