எழுத்துப் பலகைக்குத் தப்பும் கண்நோய்

கண் மருத்துவமனைச் சுவரில், மேலிருந்து கீழே எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் பலகையை 1862-இல் வடிவமைத்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். அவருக்கு ஆசானாக விளங்கிய பிரான்சிஸ்கஸ் டாண்டர்ஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பரம்பரையாக வரும் ஒரு கண்நோய்க்கு 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று பெயர் சூட்டியிருந்தார். ஒரே ஊர் தந்த இவ்விரண்டில், பலகையால் நோயைத் தொடக்கத்தில் பிடிக்க முடிவதில்லை என்பதுதான் வேடிக்கை. நோய் பாதி முற்றிய நிலையிலும் பலர் அப்பலகையின் கடைசி வரிகளைத் தடுமாறாமல் படித்துவிடுகிறார்கள்; பக்கவாட்டில் நெருங்கிவரும் மோட்டார் சைக்கிள்தான் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

கண்ணின் உட்சுவரில் படிந்திருக்கும் ஒளியுணர் படலமான விழித்திரையில் இரு வகைச் செல்கள் உள்ளன. நடுவில் செறிந்திருக்கும் சுமார் 6 மில்லியன் கூம்புச் செல்கள் நிறத்தையும் நுணுக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் காட்டுகின்றன. அவற்றைச் சுற்றிப் பரவியிருக்கும் சுமார் 120 மில்லியன் குச்சிச் செல்கள் மங்கிய ஒளியையும் ஓரத்து அசைவையும் உணர்கின்றன. எழுத்துப் பலகை சோதிப்பது கூம்புகளை மட்டுமே. நிறமி விழித்திரைச் சிதைவு என்று தமிழில் சொல்லத்தக்க இந்நோயோ குச்சிகளிடம்தான் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே முதலில் இரவுப் பார்வை குன்றுகிறது. பிறகு நடுப்பகுதியைச் சுற்றி வளையம் போலக் குருட்டுத் திட்டுகள் தோன்றிப் பெருக, இறுதியில் குழாய் வழியே பார்ப்பது போன்ற குறுகிய வட்டம் மட்டும் எஞ்சுகிறது. உலகளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் நோயை மாத்திரை தீர்த்துவிடும். மரபணுக் கோளாற்றால் வரும் இதை அது தீர்ப்பதில்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இந்நோய் கூடுதல் பொருள் பெறுவதற்குக் கடிகாரமும் ஒரு காரணம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்ததால், ஜொகூரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே சூரியன் உதிக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பதற்காக நான்கு, ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பி, 1924-இல் திறக்கப்பட்ட தரைப்பாலத்தை நோக்கி மோட்டார் சைக்கிளில் விரையும் ஆயிரக்கணக்கானோர், எந்த மாதமானாலும் முழு இருட்டில்தான் பயணம் செய்கிறார்கள். மின்விளக்கு வரிசை உள்ள நெடுஞ்சாலையில் கூம்புச் செல்களே ஓரளவு சமாளித்துவிடுவதால், இரவில் தமக்குக் குறையொன்றும் இல்லை என்றே நோயாளி நம்புகிறார். குளுவாங்கிலோ கோத்தா திங்கியிலோ செம்பனைத் தோட்டத்து விளக்கில்லாச் சாலைக்குள் திரும்பும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு முழுமையாகப் பழக ஆரோக்கியமான கண்ணுக்கே அரை மணி நேரம் தேவை என்றால், குச்சிகளை இழந்த கண், எதிரே வரும் குலை லாரியின் விளக்கு கடந்த பின் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

இழப்பை இழந்தவரே அறியாதிருப்பது இந்நோயின் மிகக் கொடிய கூறு. பார்வை போன இடத்தில் கறுப்புத் திரை எதுவும் தெரிவதில்லை. சுற்றியுள்ள காட்சியைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிட, சாலை வெறுமையாக இருப்பதாகவே தோன்றுகிறது. தாழ்வான மேசையில் முழங்கால் அடிக்கடி இடிபடுவதும், பக்கத்திலிருந்து ஒருவர் நீட்டும் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிடுவதும், திரையரங்கில் இருக்கையைத் தடவித் தேடுவதும் கவனக்குறைவு என்றே வீட்டாரால் ஏசப்படுகின்றன. உண்மையை வெளிக்கொணர்வது பார்வைப் புலச் சோதனை. அரைக்கோளக் கிண்ணம் போன்ற கருவியின் முன் தாடையை அதற்குரிய தாங்கியில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுப்புள்ளியை விட்டு விழியை அசைக்காமல், ஓரங்களில் மினுக்கும் சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனை அச்சிட்டுத் தரும் படத்தில், காணாமற்போன பகுதி கறுத்துக் கிடக்கும்.

சட்டம் இங்கே அரைவாசி வழிதான் வருகிறது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, உரிமம் கேட்பவர் தமக்குள்ள நோயையோ உடற்குறையையோ தாமே அறிவிக்க வேண்டும். தமக்கே தெரியாத நோயை எவரும் அறிவிக்க இயலாது. பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. கார், மோட்டார் சைக்கிள் லைசென்சையோ அஞ்சலகத்திலோ கைப்பேசிச் செயலியிலோ பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம், கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கார் ஓட்டுநரிடம் கிடைமட்டத்தில் குறைந்தது 120 பாகைப் பார்வைப் புலத்தை எதிர்பார்க்கிறது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிளோட்டிகளுடையதாக இருக்கும் ஒரு நாட்டில், ஓரப்பார்வைக்கு இதைவிடக் குறைந்த மதிப்புத் தருவது பொருத்தமாகப் படவில்லை.

தமிழர்கள் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்நோயின் ஒரு வகை, தாய் தந்தை இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால் மட்டுமே பிள்ளையிடம் வெளிப்படும். அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் அக்காள் மகளை மணப்பதும், அத்தை மகன், மாமன் மகள் உறவில் பெண் கொடுத்து எடுப்பதும் அத்தகைய சந்திப்பை எளிதாக்குகின்றன. இரண்டாவது, நீரிழிவு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட, இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. நீரிழிவு விழித்திரையைத் தாக்கி முற்றும்போது, நடுப்பார்வையைக் காக்க அதன் ஓரங்களை லேசர் கொண்டு சுடுகிறார்கள்; பார்வையைக் காக்கும் அச்சிகிச்சை, விலையாக ஓரப்பார்வையிலும் இரவுப் பார்வையிலும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளக்கூடும். பலகையைத் தெளிவாகப் படித்துவிட்டு மருத்துவமனையிலிருந்து நேராக வண்டியை எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது என்பது கேட்கத்தக்க கேள்வி.

நிறமி விழித்திரைச் சிதைவில் 80-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் சம்பந்தப்பட்டுள்ளன. அவற்றுள் ஆர்பிஇ65 என்ற ஒன்றின் கோளாற்றுக்கு மட்டும் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் மரபணு மருந்து ஒப்புதல் பெற்றது. மற்றவர்களுக்கு நோயை நிறுத்தும் வழி இன்னும் இல்லை. ஆயினும் இடையில் வரும் கண்புரையையும் விழித்திரை வீக்கத்தையும் குணப்படுத்தி, எஞ்சிய பார்வையை நெடுநாள் காக்க முடியும். ஓட்டுவதை முதலில் இரவிலும் மழையிலும் கைவிட்டு, பார்வைப் புலம் மேலும் சுருங்கியதும் பகலிலும் நிறுத்துவதே நடைமுறை. ஜொகூர் பாரு சென்ட்ரலிலிருந்து 2015 முதல் ஓடும் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடத்தில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் கொண்டுசேர்ப்பதால், நிலையத்துக்கு அருகில் வாழ்பவருக்கு லைசென்ஸ் போவது வேலை போவதாக ஆகாது. தோட்டப் புறங்களில் வாழ்பவரின் நிலை அப்படியல்ல. சமூகநல இலாகா வழங்கும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பார்வைக் கூர்மையோடு பார்வைப் புலமும் கணக்கில் கொள்ளப்படுவதால், பலகையைப் படிக்க முடிகிறதே என்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டியதில்லை.

குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருப்பவர்களும், கண்ணில் லேசர் சிகிச்சை பெற்றவர்களும், இருட்டில் தடுமாறுவதாக வீட்டாரால் சுட்டப்படுபவர்களும், அடுத்த முறை கண் மருத்துவரிடம் செல்லும்போது, வாகனம் ஓட்டுவதைக் குறிப்பிட்டு, பார்வைப் புலச் சோதனையை வாய்விட்டுக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.