தொலைதூரக் கொத்துகளில் நட்சத்திர மண்டலங்களின் கடந்த காலம்

வரலாற்றாசிரியர் கடந்த காலத்தைக் கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் தேடுகின்றார். வானியலாளரோ அதனை நேரிலேயே காண்கின்றார். தொலைவிலுள்ள பொருளின் ஒளி எம்மை வந்தடையக் காலம் செல்வதே இதற்குக் காரணமாகும். எமது பால்வீதிக்கு அண்மையிலுள்ள பெரிய நட்சத்திர மண்டலமான அந்திரொமீடாவை, பாரசீக வானியலாளர் அப்துர் ரஹ்மான் அல் ஸூபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் சிறு முகில் போன்றதெனப் பதிவு செய்தார். அவர் கண்ட ஒளி அங்கிருந்து புறப்பட்டுச் சுமார் 25 இலட்சம் ஆண்டுகள் கடந்திருந்தன.

நட்சத்திர மண்டலங்கள் தனித்தும் சிறு குழுக்களாகவும் இருப்பதுடன், நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றுகூடிய பெருங்கொத்துகளாகவும் காணப்படுகின்றன. சுமார் 32 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கோமா கொத்து இதற்குச் சிறந்த உதாரணம். இக்கொத்தினுள் மண்டலங்கள் விரையும் வேகத்தை 1933இல் ஆராய்ந்த பிரிட்ஸ் ஸ்விக்கி, கண்ணுக்குப் புலப்படும் பொருளின் ஈர்ப்பு மாத்திரம் அவற்றைக் கட்டி வைத்திருக்கப் போதாது என்று கண்டார். கரும்பொருள் பற்றிய விவாதத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

அண்மைக் கொத்துகளின் மையத்தில் வாழ்பவை பெரும்பாலும் முதிர்ந்த மண்டலங்களே. அவை செந்நிறச் சாயல் கொண்டவை. புதிய நட்சத்திரங்களை அநேகமாகப் பிறப்பிப்பதில்லை. பால்வீதி போன்ற சுருள் வடிவ மண்டலங்களோ கொத்துகளுக்கு வெளியிலேயே அதிகம். 55 கொத்துகளில் சுமார் 6000 மண்டலங்களை ஆராய்ந்த அலன் டிரெஸ்லர், நெரிசல் கூடக்கூடச் சுருள் மண்டலங்கள் அருகிச் செல்வதை 1980இல் எடுத்துக்காட்டினார். மண்டலங்கள் பிறப்பிலேயே இவ்வாறு வேறுபட்டவையா, அல்லது வாழும் சூழல் அவற்றை மாற்றியதா? இதுவே இத்துறையின் மையக் கேள்வி.

ஒரு மண்டலம் மாறுவதைக் காத்திருந்து பார்க்க மனித ஆயுள் போதாது. எனவே வெவ்வேறு தொலைவிலுள்ள, அதாவது வெவ்வேறு காலத்துக்குரிய கொத்துகளை ஒப்பிட வேண்டியுள்ளது. ஓர் ஊரிலுள்ள குழந்தைகளையும் முதியோரையும் ஒரே நாளிற் படம் பிடித்து, மனித வளர்ச்சியை ஊகிப்பதைப் போன்றது இது.

இவ்வழியிற் சென்ற ஹார்வி புட்சரும் ஓகஸ்டஸ் ஓம்லரும், 400 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒளியை அனுப்பும் இரு கொத்துகளை ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டனர். எமது பூமி உருவாகிய காலத்தை அண்மித்த ஒளி அது. இன்றைய கொத்துகளில் அரிதான நீல நிற மண்டலங்கள் அங்கு ஏராளமாயிருந்தன. நீல நிறம் என்பது இளம் நட்சத்திரங்களின் அடையாளம். இம்முடிவைப் பலர் ஐயுற்றனர். கொத்தின் முன்னே தற்செயலாக நிற்கும் மண்டலங்களையும் அதன் உறுப்பினர்களாக எண்ணிவிடுவது எளிது என்பதால் அந்த ஐயம் நியாயமானதே. நிறமாலை ஆய்வுகள் அத்தகைய சிலவற்றை இனங்காட்டிய போதிலும், அண்மையிலேதான் நட்சத்திரப் பிறப்பை நிறுத்திக்கொண்ட மண்டலங்களும் கொத்தினுள் இருப்பதை வெளிப்படுத்தின. பின்னர், 1990களில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தெளிவான படங்களில், அந்நீல மண்டலங்களுட் பல சுருள் வடிவிலும் சிதைந்த வடிவிலும் தோன்றின.

அப்படியாயின் அவற்றின் உயிர்ப்பை அடக்கியது எது? கொத்துகளின் இடைவெளியில் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வாயு நிறைந்துள்ளது. அதனூடே செக்கனுக்கு ஆயிரம் கிலோ மீற்றர் அளவிலான வேகத்தில் விழும் மண்டலம், எதிர்க்காற்றிற் சிக்கிய குடையைப் போன்று தன் குளிர்ந்த வாயுவைப் பறிகொடுக்கின்றது. ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் கொட்டும் 1972இல் விளக்கிய இந்நிகழ்வை இன்று படங்களிலேயே காணலாம். நோர்மா கொத்திலுள்ள ஒரு சுருள் மண்டலம் நீண்ட வாயு வாலைப் பின்னே விட்டுச் செல்கின்றது. ஜெலி மீன் போன்ற தோற்றம். பறிக்கப்பட்ட வாயுவிலும் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்பது வியப்பானது. ஆயினும் இது ஒன்றே காரணம் எனக் கொள்வதற்கில்லை. புதிய வாயு வந்து சேராது மெல்லப் பட்டினியால் வாடுதல், மண்டலங்கள் நெருங்கிச் செல்கையில் ஒன்றையொன்று அலைக்கழித்தல், கொத்தை அடைய முன்னரே சிறு குழுக்களினுள் மாற்றமடைதல் ஆகியனவும் பங்களிக்கின்றன. பெரும் நீள்வட்ட மண்டலங்களின் கதை வேறு. மிகத் தொலைவிலுள்ள கொத்துகளிலும் அவை ஏற்கனவே முதிர்ந்தே காணப்படுவதால், அவற்றின் நட்சத்திரங்கள் மிக முன்னரே தோன்றியிருக்க வேண்டும். ஆகவே பிறப்பா சூழலா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லிற் பதில் கிடையாது.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இத்தேடலைக் கொத்துகளின் குழந்தைப் பருவத்துக்கே கொண்டு சென்றுள்ளது. ஏபெல் 2744 என்னும் கொத்தின் ஈர்ப்பு, பின்னாலுள்ள ஒளியை வில்லை போல் வளைத்துப் பெரிதாக்குகின்றது. அதன் உதவியுடன், பெருவெடிப்பின் பின் சுமார் 65 கோடி ஆண்டுகளிலேயே 7 நட்சத்திர மண்டலங்கள் ஒன்றுகூடத் தொடங்கியிருந்தமை 2023இல் உறுதி செய்யப்பட்டது. அவை காலப்போக்கில் கோமா போன்றதொரு பெருங்கொத்தாக வளரக்கூடும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இன்று அங்கே அத்தகைய கொத்து இருக்குமாயின், அதன் ஒளி இன்னமும் வழியிலேயே உள்ளது.