முடியவில்லையா, மாட்டேன் என்கிறதா?

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குக் காரில் போயிருக்கிறீர்களா? சேத்தூரைத் தாண்டிச் சிவகிரியை நெருங்கும்போது மேற்கே மலை கூடவே வரும். கேரளத்துக்குப் போகும் லாரிகளும் கூடவே வரும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊர்கள் மாறினாலும் முன்னால் போகும் லாரி மட்டும் மாறாது. குற்றாலத்தில் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம்!

லாரியைத் தாண்டலாம் என்று வலப்புறம் ஒதுங்கி ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்கிறீர்கள். வண்டி சீறிப் பாய வேண்டும். அதற்குப் பதில் ஒரு கணம் திக்குகிறது, முக்குகிறது, பிறகுதான் நகர்கிறது. எதிரே ஒரு பஸ் வருகிறது. நீங்களும் மணிக்கு 60 கிலோமீட்டர், பஸ்ஸும் 60 என்றால், இரண்டும் விநாடிக்குச் சுமார் 33 மீட்டர் நெருங்குகின்றன. இரண்டே விநாடித் தயக்கத்தில் 66 மீட்டர் போய்விட்டது! ஆறு லாரிகளை வரிசையாக நிறுத்தக்கூடிய தூரம் அது. "சும்மா ஒரு சின்ன மிஸ்ஸிங், பார்த்துக்கலாம்" என்று உங்கள் பிள்ளையாண்டான் சொன்னால், இந்தக் கணக்கை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பிள்ளையாண்டான் என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த வியாதி அதிகமாக வருவது, டர்போ உள்ள காரை வாங்கி, அதன் சக்தி போதாது என்று மேலும் முடுக்கிவிட்ட வீடுகளில்தான்.

டர்போ என்பது என்ன? கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக் கொள்ளுங்கள். காற்றை அழுத்தி ஊதினால் நெருப்பு வீறிட்டு எரியும். டர்போவும் ஒரு துருத்தியே. ஆனால் அதை இயக்குவது, எஞ்சின் வெளியே தள்ளும் புகை. அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தை நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. ஸ்விட்ஸர்லாந்துக்காரரான ஆல்ஃப்ரெட் பூஹி 1905-லேயே இந்த யுக்திக்குப் பேடண்ட் பெற்றார். இதன் பலனைப் பார்க்க வேண்டுமா? சாதாரண போலோ காரின் 1.2 லிட்டர் எஞ்சின் 75 குதிரைச் சக்தி தந்தது. 2013-ல் இங்கே வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஏறக்குறைய அதே அளவு எஞ்சினில், டர்போவின் தயவால் 105 தந்தது.

இளைஞர்களுக்கு அதுவும் போதவில்லை. காரின் கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை மாற்றி எழுதி, டர்போவை இன்னும் அழுத்தி ஊதச் செய்கிறார்கள். 'ரீமேப்' என்று இதற்குப் பெயர். சில நாள் பெருமையாக ஓடும். பிறகு ஒரு நாள் வண்டி திக்க ஆரம்பிக்கும். உடனே, "டர்போ போய்விட்டது, புதிது மாட்ட வேண்டும்" என்று யாராவது சொல்வார்கள். பெரிய செலவு! சற்றுப் பொறுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வண்டி 'முடியவில்லை' என்கிறதா, அல்லது 'மாட்டேன்' என்கிறதா?

இது வேடிக்கையான கேள்வி அல்ல. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்று ஒரு காரை வெளியிட்டது. டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களில் அதுவும் ஒன்று. 215 குதிரைச் சக்தி. எஞ்சின் அளவு மீறிச் சூடாகாமல் இருக்க, தண்ணீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டும். பாத்திரம் காலியானால், கார் தானாகவே டர்போவின் வேகத்தை அடக்கிக் கொள்ளும். சொந்தக்காரர்கள் பலர் அதை நிரப்பவே இல்லை! 'வண்டி இழுக்கவில்லை' என்று மட்டும் குறைப்பட்டுக் கொண்டார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது. அந்தக் கார் பழுதாகவில்லை. தன்னைக் காப்பாற்றிக் கொள்ள 'மாட்டேன்' என்றது. யாரும் காது கொடுக்கவில்லை.

இன்றைய காரிடம் பதில் வாங்குவது சுலபம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருக ஓர் இடம் உண்டு. வண்டி திக்கும் சமயத்தில் இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் எவ்வளவு? கிடைத்தது எவ்வளவு? கேட்டது அதிகம், கிடைத்தது குறைவு என்றால், அது 'முடியவில்லை'. கேட்பதையே கம்ப்யூட்டர் குறைத்துக் கொண்டது என்றால், அது 'மாட்டேன்'.

'முடியவில்லை' என்றால் முதலில் காற்று. டர்போவிலிருந்து எஞ்சின் வரை ரப்பர் ஹோஸ்களும் கிளிப்புகளும் இருக்கின்றன. உங்கள் குக்கரின் காஸ்கெட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பில் ஏற்றும்வரை நன்றாகத்தான் இருக்கும். அழுத்தம் ஏறிய பிறகுதானே ஓரமாகப் புஸ்ஸென்று கசியும்? ஹோஸும் அப்படியே. நின்ற வண்டியைத் தட்டிப் பார்த்து 'எல்லாம் சரி' என்பதில் பயனில்லை. குழாயை மூடி, உள்ளே அளவாகக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். புகை செலுத்திப் பார்க்கும் பட்டறைகளும் உண்டு.

அடுத்தது பொறி. ஆடிக் காற்றில் அகல் விளக்கு நிற்குமா? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, ஸ்பார்க் பிளக்கில் பொறி தாவுவது கஷ்டமாகிறது. பிளக்கின் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் சமாசாரம். அதில் சிறு பங்கு கூடினாலும் மெதுவாகப் போகையில் தெரியாது, ஓங்கி மிதித்தால் பொறி விட்டுவிட்டு வரும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் மீது சந்தேகமா? செலவில்லாமல் சோதிக்கலாம். இரண்டாவது சிலிண்டரில் தவறு என்று ஸ்கேனர் காட்டினால், அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதன் காயிலை இங்கே மாட்டச் சொல்லுங்கள். தவறும் மூன்றாவதற்குக் குடிபோனால், திருடன் அகப்பட்டான்!

மூன்றாவது பெட்ரோல். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் வேண்டும். பழைய ஃபில்டரோ களைத்த பம்ப்போ சாதாரண ஓட்டத்துக்குப் போதும். முழு வேகத்துக்குப் போதாது. இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால், உள்ளே சூடு ஏறிப் பிஸ்டனே உருகிப் போகலாம்.

இனி 'மாட்டேன்' என்பதைப் பார்ப்போம். பெட்ரோல் உரிய கணத்துக்கு முன்பே வெடித்தால் எஞ்சினுக்குள் சுத்தியால் தட்டினாற் போல அடி விழும், 'நாக்கிங்' என்பார்கள். அதைக் கேட்பதற்கென்றே எஞ்சினில் ஒரு காது வைத்திருக்கிறது. அடி கேட்டதும் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்திச் சக்தியைக் குறைக்கும். பெட்ரோல் இந்த அடியைத் தாங்கும் திறனுக்கு ஆக்டேன் என்று பெயர். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆனால் அது எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை. பெரிய நகரத்தில் அதை ஊற்றி ரீமேப் செய்துகொண்டு, வழியில் சாதாரணப் பெட்ரோலை நிரப்பிச் சித்திரை வெயிலில் குடும்பத்தோடு சிவகிரியைத் தாண்டினால், வண்டி 'மாட்டேன்' என்று சொல்வதில் என்ன ஆச்சரியம்?

இங்கேதான் உங்கள் பிள்ளையைத் தடுக்க வேண்டும். 'அந்தத் தடையை எடுத்துவிட்டால் பறக்கும்' என்று சொல்லும் பட்டறைக்காரர்களும் இருக்கிறார்கள். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதா வைத்தியம்?

பட்டறைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். எந்த கியரில் திக்குகிறது? எஞ்சின் சூடான பிறகா, முன்பா? எந்த மாற்றம் செய்த பிறகு ஆரம்பித்தது? கடைசியாக எந்தப் பெட்ரோல்? கம்பெனியின் பழைய கணக்கைத் திரும்ப ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தயக்கம் மறைந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றச் சொல்லுங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் குணம் தந்த மருந்து எது என்று யாருக்குத் தெரியும்?

இந்தச் சோதனைகளைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டாம். வண்டியைக் கட்டி வைத்தே ஓட்டிப் பார்க்கும் டைனோ என்ற இயந்திரம் இருக்கிறது. வேகம்தான் ஆசை என்றால் கோவை செட்டிபாளையத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு; 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து நேரும் நாளில் பெரிய தகராறாக முளைக்கலாம்.

காரணம் தெரியும்வரை? லாரிக்குப் பின்னாலேயே போங்கள். புளியங்குடி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் எலுமிச்சம்பழம் தீர்ந்துவிடாது. குற்றாலத்து அருவியும் எங்கேயும் ஓடிவிடாது.