கதவு குறுகினால் குறியீடு தானே மறையும்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதையருகே ஒரு விடுதிக்கு வரைபடம் போட்டுக் கொண்டிருந்தார் என் நண்பர். 14 கிலோமீட்டர் சுற்றி வருகிற ஊர். வயதானவர்களும் நிறைய வருவார்கள். எனவே தரைத்தளக் குளியலறைக் கதவுகளில் சக்கர நாற்காலிக் குறியீட்டைக் கையாலேயே வைத்திருந்தார். பிறகு இடம் போதாமல் ஒரு கதவை 750 மி.மீ. ஆக்கினார்கள். கதவு குறுகியது, குறியீடு அப்படியே நின்றது! மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டு நெறிகளோ, கதவைத் திறந்தால் குறைந்தது 900 மி.மீ. வழி வேண்டும் என்கின்றன. நல்லவேளை, கட்டுவதற்கு முன்பே கண்ணில் பட்டது.

இந்தச் சரிபார்ப்பைக் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம். நண்பர் பயன்படுத்துவது ரெவிட். 2000-இல் வெளிவந்த இந்த மென்பொருளை 2002-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. இதில் கதவு என்பது வெறும் கோடுகள் அல்ல. அகலம், உயரம் போன்ற விவரங்களையும் தன்னிடமே வைத்திருக்கும். இவற்றுக்குப் பாராமீட்டர் என்று பெயர். எக்ஸெலில் மார்க்கைப் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் பாஸ், ஃபெயில் வரவைப்பீர்கள் அல்லவா? அதே வித்தைதான் இங்கும்.

கதவின் ஃபேமிலி ஃபைலைத் திறந்து, ஃபேமிலி டைப்ஸ் என்ற பெட்டிக்குச் செல்லுங்கள். முதலில் 'வழி' என்று நீளத்துக்கான ஒரு பாராமீட்டர் உருவாக்கி, ஃபார்முலா கட்டத்தில் கதவின் அகலத்திலிருந்து 50 மி.மீ. கழியுங்கள். கதவு திறந்து நிற்கும்போது பலகையின் தடிமன் வழியில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்பதால் இந்தக் கழிவு. (உங்கள் கதவுக்கு எவ்வளவு என்று அளந்து போடுங்கள்.)

அடுத்து 'காட்டு' என்று யெஸ்/நோ வகையில் இன்னொரு பாராமீட்டர். அதன் ஃபார்முலா:

நாட்(வழி < 900)

'நாட்' என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். ஏன் இப்படி மூக்கைச் சுற்றித் தொட வேண்டும்? ரெவிட் பதிப்புகள் பலவற்றில் 'பெரியது அல்லது சமம்' என்ற குறி செல்லாது. வெறும் 'பெரியது' என்று போட்டால் சரியாக 900 உள்ள கதவு விட்டுப்போகும்.

இப்போது குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். பிராப்பர்ட்டீஸ் பகுதியில் விசிபிள் என்ற வரியின் ஓரத்தில் குட்டி பட்டன் ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்து 'காட்டு' பாராமீட்டரைத் தேர்வு செய்யுங்கள். அவ்வளவுதான். அகலத்தை மாற்றியும் ஃபேமிலி எடிட்டரில் குறியீடு மறையாமல் மங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். ப்ராஜெக்டில் ஏற்றிப் பார்த்தால் காணாமல் போயிருக்கும்.

ரெவிட் விலை அதிகம், விண்டோஸில் மட்டுமே இயங்கும். இலவச சோதனைப் பதிப்பில் முயன்று பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால், லிப்ரெ ஆஃபீஸ் கால்க்கில் கதவுகளைப் பட்டியலிட்டு, இஃப் ஃபார்முலா போட்டு இதே சோதனையைச் செய்யலாம். இது முற்றிலும் இலவசம்.

நண்பர் ஃபார்முலாவைப் போட்டதும் குறுகிய கதவோடு, மேலும் இரண்டு கதவுகளில் குறியீடு மறைந்தது. மென்பொருளில்தான் பிழை என்று முதலில் என்னிடம் சண்டைக்கு வந்தார். பிறகு பார்த்தால் அவை 900 மி.மீ. பலகை போட்ட கதவுகள், வழி 850தான்.