கழுத்துக் கட்டி: வெட்டிப் பார்த்த காலமும் பார்த்து வெட்டும் காலமும்

அவலூர்பேட்டைப் பக்கம் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்தால், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அதற்குப் பெயர் வைக்க ஊரே தயாராக இருந்திருக்கும். தாடைக்குக் கீழே என்றால் நெறி கட்டியிருக்கிறது. வரிசையாக உருண்டால் கண்டமாலை. தொண்டைக்கு முன்னால் என்றால் கழலை. பத்து போடுவார்கள், சிலர் சூடும் போடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறுகிற நினைப்பு வரும்.

ஊர் வைத்த பெயர் பல நேரம் சரியாகவே இருந்தது. காசநோய் மலிந்த காலம் அது. நெறிக்கட்டிகளில் கணிசமானவை அதன் வேலைதான். கழுத்தில் நரம்பு தடித்திருந்தாலும் பதில் கைவசம் இருந்தது: தொழுநோய். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு வட்டாரங்களில் அது அவ்வளவு பரவியிருந்ததால்தான் கரிகிரியிலும் பொலம்பாக்கத்திலும் 1955-ல் பெரிய தொழுநோய் மையங்கள் எழுந்தன. பக்கத்துச் சேத்துப்பட்டிலும் ஒரு மருத்துவமனை வந்தது. நோயாளியின் தலையை மறுபக்கம் திருப்பச் சொல்லி, காதுக்குக் கீழே குறுக்காக ஏறும் நரம்பு புடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அங்கே அன்றாடச் சோதனை.

இந்த நோய்களின் நிழலில் மறைந்து கிடந்தது இன்னொன்று: கழுத்து நரம்பிலேயே முளைக்கும், புற்றில்லாத கட்டி. நரம்பைச் சுற்றி உறையிடும் செல்களை 1839-ல் விவரித்தவர் தியோடர் ஷ்வான். அந்தச் செல்களில் பிறக்கும் கட்டியைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டியவர் வெரோக்காய்; ஆண்டு 1910. இன்று அதற்கு ஷ்வானோமா என்று பெயர். இது நரம்பின் ஓரத்தில் வளர்ந்து, நார்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். இதன் பங்காளியான நியூரோஃபைப்ரோமாவில் நார்கள் கட்டிக்குள்ளேயே பின்னிக் கிடக்கும். நரம்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்பது அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அன்று இதைக் கண்டுபிடித்த விதம் பெரும்பாலும் தலைகீழானது. நெறிக்கட்டி என்று நினைத்துக் கீறுவார்கள். முழுதாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்போதுதான் நரம்புக் கட்டி என்று தெரியும். அதற்குள் நரம்பும் கட்டியோடு போயிருக்கும். அது வேகஸ் நரம்பாக இருந்தால் ஒரு பக்கக் குரல்நாண் அசைவு இழந்து, குரல் கம்மிவிடும். தண்ணீர் குடித்தால் புரையேறும். பரிவு நரம்பாக இருந்தால் அந்தப் பக்க இமை தாழ்ந்து கண்மணி சுருங்கும். கழுத்துத் தமனியை ஒட்டி வளரும் வேறொரு வகைக் கட்டியைத் தெரியாமல் கீறிவிட்டாலோ, ரத்தம் நிற்காது.

வெட்டாமல் உள்ளே பார்க்க வழியே இல்லாமல் இல்லை. சாயம் செலுத்தித் தமனிகளைப் படம் பிடிக்கும் முறையை 1927-ல் எகாஸ் மோனிஸ் காட்டினார். ஆனால் அது ரத்தக்குழாயைக் காட்டியதே தவிர, நரம்பைக் காட்டவில்லை. முதுகுத்தண்டுக்குள் நீளும் கட்டிகளுக்கு நரம்பியல் அறுவை நிபுணரும் வேண்டும். அந்தத் துறையே வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் ஜேக்கப் சாண்டியாலும், சென்னைப் பெரியாஸ்பத்திரியில் 1950-ல் பி. ராமமூர்த்தியாலும்தான் இங்கே வேரூன்றியது.

லண்டனில் 1971-ல் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேனுக்குள் போனது. பின்னால் எம்.ஆர்.ஐ. வந்ததும் இந்த வரிசை புரண்டது: முதலில் பார், பிறகு வெட்டு. வேகஸ் நரம்பில் கட்டி வந்தால் தமனியையும் சிரையையும் அது விலக்கிவைக்கும். பரிவு நரம்பில் வந்தால் இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளும். கத்தியை எடுக்குமுன்பே எந்த நரம்பு என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. பெரிய மருத்துவமனைக்குப் போகும் தூரமும் குறைந்தது. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. திருவண்ணாமலையிலும் ஒன்று இருக்கிறது. 2009-ல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம், பெரிய ஆபரேஷன் என்றாலே நிலத்தை அடகு வைக்க ஓடிய நிலைமையை நிறையக் குறைத்தது.

ஆனாலும் முதல் துப்பு இன்றும் விரல் நுனியில்தான் கிடைக்கிறது. இந்தக் கட்டி பக்கவாட்டில் நகரும், மேலும் கீழும் நகராது. நரம்பு அதை நீளவாக்கில் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தும்போது திடீரென்று இருமல் வந்தால் வேகஸ் நரம்பைச் சந்தேகிக்கலாம். ஊசி குத்தி செல்களை எடுத்துப் பார்த்தால் சுருக்கென்று வலிக்கும். பல நேரம் தெளிவான முடிவும் வராது.

ஆபரேஷனும் மாறிவிட்டது. கட்டியின் மேல் படர்ந்த நார்களுக்கு இடையே, நரம்பின் நீளத்துக்கு உறையைக் கீறி, மல்லாட்டைத் தோலை விட்டுப் பருப்பை மட்டும் எடுப்பது போலக் கட்டியை உருட்டி எடுக்கிறார்கள். மூச்சுக்குழாயில் வைக்கும் டியூபிலேயே மின்முனைகள் இருக்கும். வேகஸ் நரம்பைத் தொட்டால் குரல்நாண் துடிப்பதை அவை கருவிக்குச் சொல்லிவிடும். இவ்வளவு செய்தும் சிலருக்குக் குரல் கம்மத்தான் செய்கிறது.

இந்த இடத்தில்தான் பெரிய மாற்றம். அன்று கட்டி என்றால் எடுத்தாக வேண்டும். இன்று எடுக்காமல் இருப்பதும் ஒரு வைத்தியம். ஷ்வானோமா பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். புற்றாக மாறுவது மிக அபூர்வம். மூச்சையோ விழுங்குவதையோ தடுக்காதவரை, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்கலாம். அவலூர்பேட்டைச் சந்தையில் கூவி விற்றுப் பிழைப்பவருக்கு, கழுத்தில் ஒரு உருண்டை இருப்பதைவிடக் குரல் போவதுதான் பெரிய நட்டம்.

மாறாதவையும் உண்டு. சோதித்து உறுதி செய்யாமல், சந்தேகத்தின் பேரிலேயே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கத்தி பட்டால் கேன்சராகிவிடும் என்ற பயமும் போகவில்லை. அந்தப் பயத்தில் நிஜமான புற்றுநோயையும் முற்றவிட்டு வருகிறவர்கள் உண்டு. சில வாரங்களில் கரையாத எந்தக் கட்டியையும் காட்டிவிட வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஸ்கேன் படத்தோடு மருத்துவர் முன் உட்காருகிறவர் மூன்று கேள்வி கேட்கலாம்: இது எந்த நரம்பு? எடுத்தால் என் குரல் என்ன ஆகும்? விட்டுவைத்தால் என்ன ஆகும்? அன்றைய மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வெட்டுவதற்கு முன் இவற்றுக்கு நிச்சயமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று பெரும்பாலும் முடியும். கேட்காமல் கையெழுத்துப் போட்டு வந்தால், அது பழைய காலத்து ஆபரேஷன்தான்.